பர்னஸ் எரிகிறது, காற்று வரவில்லை: புளோவர் கிளம்பாவிட்டால் எங்கே பார்ப்பது

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நல்ல குளிர் இறங்கிய இரவுகளில் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். "அண்ணை, கீழே பர்னஸ் எரியுது, மேலே காத்து வரேல்லை. மோட்டர் போயிட்டுதோ?" போயிருக்கலாம். ஆனால் வீட்டைச் சூடாக்கும் பர்னஸின் சூட்டுக் காற்றை மேலே தள்ளும் புளோவர் கிளம்பவில்லை என்றால் மோட்டர் செத்துவிட்டது என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டக்கூடாது. மோட்டருக்குப் போகும் கட்டளை சுவரில் சூட்டை அமைக்கும் தெர்மோஸ்ராற்றில் தொடங்கி, பர்னஸுக்குள் இருக்கும் போர்ட் என்ற மின்சுற்றுப் பலகை வழியாக வருகிறது. அந்த வழியில் எங்கே அறுந்தாலும் மேலே வருகிற முறைப்பாடு ஒன்றுதான். அதைத் தேடாமல் நேரே மோட்டருக்கு விலை கேட்கிறவர்கள் தேவையில்லாமல் காசு கொடுக்கிறார்கள்.

முதல் வேலை, தெர்மோஸ்ராற்றில் ஹீற்றை நிறுத்துவது. காஸ் எரிந்து, சூட்டை இழுத்துக்கொண்டு போகக் காற்று வராவிட்டால், ஹீற் எக்ஸ்சேஞ்சர் என்ற அந்தத் தகரக் கூடு அளவுக்கு மீறிச் சுடும். லிமிற் சுவிச் இடையில் புகுந்து காஸை நிறுத்திவிடும், அது அதன் வேலை. ஆனால் இரவு முழுக்க எரிந்து, நின்று, மறுபடி எரிந்து கொண்டிருந்தால் அந்தக் கூட்டுக்குக் கூடாது. நாளடைவில் வெடிப்பு விழும். வெடிப்பு விழுந்தால் கதை புளோவரோடு நிற்காது, காபன் மொனொக்சைட் வரைக்கும் போகும்.

பர்னஸ் என்ன வரிசையில் வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிழையைக் காதாலேயே பிடிக்கலாம். தெர்மோஸ்ராற் சூடு கேட்டதும் முதலில் இன்டியூசர் என்ற சின்ன மோட்டர் சுற்றும். புகையை வெளியே தள்ளுவது அதுதான். அது சரியாக இழுக்கிறதா என்று பிரஷர் சுவிச் பார்க்கும். அப்புறம் இக்னைற்றர் சிவந்து சுடும், காஸ் வால்வ் 'டக்' என்று திறக்கும், நெருப்பு 'உப்' என்று பிடிக்கும். நெருப்பு நிலைத்து நிற்கிறது என்று பிளேம் சென்சர் சொன்ன பிறகு, அரை நிமிடம் முக்கால் நிமிடம் கழித்துத்தான் புளோவர் கிளம்பும். குளிர்ந்த காற்றை முகத்தில் அடிக்காமல் இருக்க வேண்டுமென்றே வைத்த தாமதம் அது. அந்த இடைவெளியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இதில் பலர் தவறவிடுகிற ஒன்று இருக்கிறது. நெருப்புப் பிடித்து நாலைந்து செக்கனில் அணைந்துவிட்டால் புளோவர் கிளம்பவே கிளம்பாது. அது புளோவரின் பிழை இல்லை. பெரும்பாலும் பிளேம் சென்சரில் படிந்த அழுக்கு. அதனால் ஒருதரம் ஹீற்றைப் போட்டுவிட்டு, பர்னஸ் அறையில் நின்று முழு வரிசையையும் கேளுங்கள். நெருப்பு ஒரு நிமிடம் தாண்டியும் நின்று எரிகிறது, ஆனால் புளோவர் அசையவில்லை என்றாலோ, பர்னஸ் ஒரு சத்தமும் போடாமல் கிடக்கிறது என்றாலோ மட்டும் இதற்குமேல் வாசிப்பதில் பிரயோசனம் உண்டு. கேட்டு முடிந்ததும் ஹீற்றை மறுபடி நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது, காஸ் இல்லாமல் புளோவரை மட்டும் ஓட்டிப் பார்ப்பது. தெர்மோஸ்ராற்றில் ஹீற்றை ஓஃப் செய்துவிட்டு, ஃபான் என்ற இடத்தை 'ஓட்டோ'விலிருந்து 'ஒன்'னுக்கு மாற்றுங்கள். இந்தச் சோதனையில் நெருப்புப் பற்றாது, யாரும் செய்யலாம். ஃபான் ஒன்னில் புளோவர் சுற்றுகிறது, ஹீற்றில் மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டர் அனேகமாக நல்லது. கோடையில் ஏசிக்கு ஒழுங்காக ஓடியது, குளிர் வந்ததும் ஓடவில்லை என்பதும் அனேகமாக இதே கதைதான். பல பர்னஸ்களில் ஹீற்றுக்கு ஒரு வேகம், ஏசிக்கு ஒரு வேகம் என்று போர்ட்டில் தனித்தனி ரிலே, அதாவது கரண்டைத் திறந்து மூடும் சின்னச் சுவிச், இருக்கும். ஹீற் பக்க ரிலே கருகியிருக்கலாம், அல்லது அந்த வயர் கழன்றிருக்கலாம். இப்படியான நேரத்தில் யாராவது வந்து "மோட்டர் மாத்த வேணும்" என்றால், ஃபான் ஒன்னில் போட்டுக் காட்டிவிட்டு விளக்கம் கேளுங்கள்.

இரண்டிலும் ஓடவில்லையா? அப்போது கீழே போய்ப் பார்க்க வேண்டும்.

பர்னஸின் கீழ்க் கதவில் ஒரு சின்னக் கண்ணாடித் துளை இருக்கும். அதற்குள் போர்ட்டின் எல்ஈடி வெளிச்சம் தெரிய வேண்டும். வெளிச்சமே இல்லை என்றால் கரண்ட் வரவில்லை. பேஸ்மென்ற் படிக்கட்டின் மேலேயோ பர்னஸின் பக்கத்திலோ, லைற் சுவிச் போலவே ஒரு சுவிச் இருக்கும். சில வீடுகளில் சிவப்புத் தட்டு போட்டிருக்கும், சில வீடுகளில் சாதாரண வெள்ளை. பிள்ளைகளோ, புதிதாக வந்த வாடகைக்காரரோ லைற் என்று நினைத்து அமத்தியிருப்பார்கள். அப்புறம் பிரேக்கர். பர்னஸுக்கு 15 அம்பியர் பிரேக்கர் தனியாக இருக்கும். விழுந்திருந்தால் முழுக்க ஓஃபுக்குத் தள்ளி, ஒருதரம் மட்டும் ஒன் செய்யுங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். எங்கோ ஷோர்ட் இருக்கிறது, திரும்பத் திரும்பத் தூக்கிப் போடுவது ஆபத்து.

அடுத்தது கதவு. புளோவர் இருக்கும் கீழ்க் கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன அமத்துகிற சுவிச் இருக்கிறது. கதவு சரியாக உட்கார்ந்து அதை அழுத்தினால்தான் பர்னஸுக்கே உயிர் வரும். பில்ற்றர் மாற்றிய கையோடு கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போவது, பர்னஸ் அறையில் அடுக்கிய சூட்கேசும் அரிசி மூட்டையும் சரிந்து கதவை ஒரு பக்கம் தள்ளுவது, இரண்டும் நம்மவர்களின் வீடுகளில் சாதாரணம். கதவைத் தூக்கி, மேல் விளிம்பைக் கொளுவி, கீழே அழுத்துங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். அந்தச் சுவிச்சுக்கு ரேப் ஒட்டி எப்போதும் அழுத்தியபடி வைத்திருக்கும் பர்னஸ்களையும் பார்த்திருக்கிறேன். கதவு இல்லாமல் ஓடினால் புளோவர் பர்னஸ் அறைக் காற்றையே இழுக்கும். பக்கத்தில் நிற்கும் சுடுநீர்த் தொட்டியின் புகையும் அதில் சேரலாம். அந்த ரேப்பை இன்றைக்கே உரியுங்கள்.

வெளிச்சம் இருந்தால் அதன் கணக்கைப் பாருங்கள். எத்தனை தரம் மின்னி, எவ்வளவு நேரம் நின்று, மறுபடி மின்னுகிறது என்று போனில் வீடியோ எடுங்கள். அந்தக் கணக்குக்கு என்ன பொருள் என்று கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும். கம்பனிக்குக் கம்பனி வேறுபடும், இணையத்தில் வேறு மொடலின் பட்டியலைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பழைய போர்ட்கள் கரண்டை நிறுத்தினால் அந்தக் கணக்கை மறந்துவிடும், ஆகவே எந்தச் சுவிச்சையும் தொடும் முன்னே வீடியோ எடுத்துவிடுங்கள். 'லிமிற் திறந்திருக்கிறது' என்று வந்தால் சூடு மிஞ்சியிருக்கிறது என்பது பொருள். அது காரணம் இல்லை, விளைவு.

போர்ட்டில் கார்களில் போடுகிற தட்டைப் பியூஸ் ஒன்றும் இருக்கும். ஊதா என்றால் 3 அம்பியர், வெளிர் மண்ணிறம் என்றால் 5. புது தெர்மோஸ்ராற் வாங்கி, கரண்டை நிறுத்தாமல் வயர் பூட்டிய வீடுகளில் இது போயிருக்கும். இரண்டு வயர் ஒரு கணம் முட்டினால் போதும். கரண்டை நிறுத்திவிட்டு, அதே நிறம், அதே அளவு பியூஸ் போடுங்கள். அதுவும் உடனே போனால் தெர்மோஸ்ராற் வயரில் ஷோர்ட் இருக்கிறது. பெரிய பியூஸ் போட்டால் அடுத்ததாகப் போவது டிரான்ஸ்போர்மர்.

பில்ற்றரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அடைத்த பில்ற்றர் புளோவரைக் கிளம்பவிடாமல் செய்வதில்லை. ஆனால் மேலே காற்று அவ்வளவு மெல்லமாக வரும், புளோவர் ஓடவில்லை என்றே தோன்றும். நம்முடைய வீடுகளில் பேஸ்மென்றில் இரண்டாவது அடுப்பு இருக்கும், வாசம் மேலே வரக்கூடாது என்று பொரியலும் மீனும் அங்கேதான். அந்த எண்ணெய்ப் புகை நேரே பர்னஸ் அறைக்குத்தான் போகிறது. பில்ற்றரில் படிவது வெறும் தூசி இல்லை, களிம்பு. புளோவர் சில்லின் ஒவ்வொரு தகட்டிலும் அது ஒட்டி, மேலே தூசி படிந்து, கம்பளி போல ஆகிவிடும். மோட்டர் தன்னைக் குளிரவைப்பதே தன்மேல் ஓடும் காற்றால்தான். காற்றோட்டம் குறைந்தால் அது சுட்டு, உள்ளே இருக்கும் ஓவர்லோட் சுவிச் அதை நிறுத்திவிடும். ஒரு மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஓடும். மாலையில் ஓடாத புளோவர் விடியற்காலை தானாக ஓடுகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். அடுப்பு கீழே இருந்தால் மூன்று மாதம் காத்திராமல் மாதம் ஒருதரம் பில்ற்றரை இழுத்துப் பாருங்கள். மேர்வ் என்பது பில்ற்றர் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்ற கணக்கு. ஒரு அங்குலப் பில்ற்றரில் மேர்வ் 13 வாங்கிப் பழைய பர்னஸில் போடுவதை நான் விரும்புவதில்லை, மேர்வ் 8 போதும்.

இனி மோட்டர். இதற்குப் பிறகு வருவது மின்வேலை பழகியவர்களுக்கு. மற்றவர்கள் வாசித்து வைத்துக்கொள்ளலாம், வந்து திருத்துபவர் என்ன செய்கிறார் என்றாவது விளங்கும். ஒன்ராறியோவில் காஸ் குழாய், வால்வ், பேர்ணர் பக்கம் வேலை செய்ய, இவற்றின் பாதுகாப்பைப் பார்க்கும் டிஎஸ்எஸ்ஏ அமைப்பின் சான்றிதழ் வேண்டும். மேல் கதவுக்குப் பின்னால் இருப்பதைத் தொடவே வேண்டாம்.

பிரேக்கரை நிறுத்துங்கள். சுவிச்சை மட்டும் நம்ப வேண்டாம். கீழ்க் கதவைத் திறந்து, மல்ரிமீற்றரால் 120 வோல்ற் இல்லை என்று உறுதி செய்த பிறகு புளோவர் சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றி, மெதுவாக நிற்க வேண்டும். இறுகியிருந்தாலோ, கரகரத்தாலோ பெயாரிங் போய்விட்டது, மோட்டர் மாற்றத்தான் வேண்டும். சில்லு இலகுவாகச் சுற்றுகிறது, ஆனால் கரண்ட் கொடுத்தால் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு அசையாமல் நிற்கிறது என்றால் என் சந்தேகம் கப்பாசிற்றரில்.

பழைய வகை மோட்டர், பிஎஸ்சி என்பார்கள், தானாகக் கிளம்ப முடியாது. தள்ளிவிட ஆள் தேவைப்படும் ஊஞ்சல் மாதிரி. தள்ளிவிடுவதுதான் கப்பாசிற்றரின் வேலை. புளோவர் கூட்டின் பக்கவாட்டில் ஒரு தகரப் பட்டியால் இறுக்கிய வெள்ளி நிறக் குப்பிதான் அது. பெரும்பாலும் இரண்டு மண்ணிற வயர்கள் போகும். மேல் மூடி தட்டையாக இருக்க வேண்டும். கொஞ்சம் உப்பியிருந்தாலோ, விளிம்பில் எண்ணெய் கசிந்து தூசி பிடித்திருந்தாலோ சோதிக்கவே தேவையில்லை. ஆனால் பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்துகொண்டே உள்ளே செத்துப்போனவைதான் அதிகம், அதனால் அளந்துதான் பார்க்க வேண்டும்.

கவனம், கரண்டை நிறுத்தினாலும் கப்பாசிற்றருக்குள் மின்சாரம் தங்கியிருக்கும். முனைகளைத் தொடும் முன், இரண்டுக்கும் இடையில் ஒரு தடையியைப் பிடித்து வெறுமையாக்குங்கள். வெறும் ஸ்குரூடிரைவரை வைத்துப் பொறி பறக்க விடுபவர்களும் உண்டு, எனக்கு அது பிடிப்பதில்லை. வயர்களைப் படம் எடுத்துவிட்டுக் கழற்றி, கொள்ளளவு அளக்கும் மீற்றரை வையுங்கள். குப்பியில் 5, 7.5, 10 என்று மைக்ரோபரட் கணக்கு எழுதியிருக்கும், எவ்வளவு கூடிக் குறையலாம் என்றும் இருக்கும், சாதாரணமாக 5 அல்லது 6 சதவீதம். 10 என்று எழுதியதில் 9.6 காட்டினால் நல்லது. 8 காட்டினால் மாற்றுங்கள். 3 காட்டினால் உங்கள் முனகலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. புதிது வாங்கும்போது மைக்ரோபரட் அதே எண்ணாக இருக்க வேண்டும். வோல்ற் மட்டும் கூடலாம்: 370 இருந்த இடத்தில் 440 போடலாம், 440 இருந்த இடத்தில் 370 போடக்கூடாது. கடையில் இருபது, முப்பது டொலர் சாமான். மோட்டர் மாற்றினாலும் கப்பாசிற்றரையும் சேர்த்து மாற்றுவதுதான் முறை.

கப்பாசிற்றர் நல்லது, சில்லும் இலகுவாகச் சுற்றுகிறது, ஆனால் ஒரு சத்தமும் இல்லை. இப்போது மோட்டருக்குக் கரண்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும். ஓடும் பர்னஸுக்குள் மீற்றர் வைப்பது என்பதால் இதைப் பழகியவரிடம் விடுவது நல்லது. ஃபான் ஒன்னில், போர்ட்டில் அந்த வேகத்துக்கான முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையில் 120 வோல்ற் காட்ட வேண்டும். காட்டுகிறது, மோட்டர் சுற்றவில்லை, தொட்டால் சூடும் இல்லை என்றால் மோட்டருக்குள் சுருள் அறுந்திருக்கிறது. காட்டவில்லை என்றால் போர்ட். பிஎஸ்சி மோட்டரில் கறுப்பு, நீலம், சிவப்பு என்று வேகத்துக்கு ஒரு வயர் வரும், பாவிக்காதவை போர்ட்டில் சும்மா நிறுத்தி வைக்கும் முனைகளில் இருக்கும். இரண்டு வேக வயர்களுக்கு ஒரே நேரத்தில் கரண்ட் போனால் மோட்டர் கருகிவிடும். ஊகித்துப் பூட்டுகிற இடம் இதுவல்ல.

போர்ட்டைப் பார்க்கும்போது மேலிருந்து தண்ணீர் வந்த அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளை உப்புக் கோடு, பச்சை பிடித்த முனை. பர்னஸின் மேலே ஏசி கொயில் இருக்கிறது, பக்கத்தில் ஹியூமிடிபயர், போதாததற்குப் புது பர்னஸ்களுக்குள்ளேயே தண்ணீர் ஓடும் குழாய்கள். இதில் ஏதாவது ஒன்று கசிந்து போர்ட்டில் சொட்டினால், கசிவை நிறுத்தாமல் போர்ட்டை மட்டும் மாற்றுவது அடுத்த குளிருக்கும் ஒரு போர்ட் வாங்கவே.

2019க்குப் பிறகு செய்த பர்னஸ் என்றால் உங்களிடம் இருப்பது அனேகமாக ஈசிஎம் என்ற, மின்னணுவால் கட்டுப்படும் மோட்டர். வெளியே கப்பாசிற்றர் இருக்காது, மோட்டரின் பின்புறத்தில் மின்னணுப் பெட்டி ஒன்று ஒட்டியிருக்கும். கிளம்பும்போது ஒருதரம் முன்னும் பின்னும் ஆடிவிட்டுச் சுற்றுவது சில வகைகளுக்கு இயல்பு. ஆடி ஆடி நின்றுவிடுகிறது என்றால் பெட்டி அல்லது பெயாரிங். கரண்ட் இருக்கும்போது இதன் பிளக்குகளைப் பிடுங்கவோ செருகவோ கூடாது, நிறுத்திய பிறகும் ஐந்து நிமிடம் பொறுங்கள். இந்த மோட்டருக்கு 120 வோல்ற் எப்போதும் போய்க்கொண்டிருக்கும், ஓடச் சொல்லும் கட்டளை வேறு வயரில் வரும். இரண்டையும் தனித்தனியே அளக்காமல் மோட்டரைக் குற்றம் சொல்லக்கூடாது. விலை பல நூறு டொலர் என்பதால் இதில் அவசரம் கூடாது. வாங்கும் முன் மொடல் இலக்கமும் சீரியல் இலக்கமும் சொல்லி உத்தரவாதம் கேளுங்கள். பல தயாரிப்பாளர்கள் பதிவு செய்த பர்னஸுக்கு உதிரிப்பாகங்களை 10 வருடம் வரை கொடுக்கிறார்கள். பதிவு செய்யாவிட்டால் பெரும்பாலும் 5.

பர்னஸ் வாடகைக்கு எடுத்ததென்றால் இதில் எதையும் தொடாமல் அந்தக் கம்பனியைக் கூப்பிடுங்கள், மாதாமாதம் கட்டுவது அதற்கும்தான். அப்புறம், கூப்பிடாமலே கதவைத் தட்டி "உங்கட பர்னஸ் பழசு" என்று கையெழுத்துக் கேட்பவருக்குக் கதவைச் சாத்தலாம். 2018 மார்ச்சிலிருந்து ஒன்ராறியோவில் பர்னஸை அப்படி வீடு வீடாக விற்கவே முடியாது.

காஸ் மணந்தாலோ, காபன் மொனொக்சைட் அலாரம் அடித்தாலோ மேலே சொன்ன ஒன்றும் பொருந்தாது. சுவிச் ஒன்றையும் தொடாமல் எல்லோரும் வெளியே வந்து, வெளியே நின்று போன் எடுங்கள்.

திருத்துபவர் நாளைக்குத்தான் வருகிறார் என்றால் இரவைச் சமாளிக்க வேண்டும். காஸ் அடுப்பையோ ஓவனையோ திறந்து வைத்து வீட்டைச் சூடாக்க வேண்டாம், கரி அடுப்பை உள்ளே கொண்டுவரவே வேண்டாம். மின் ஹீற்றர் ஒன்று 1500 வற், அதாவது 12.5 அம்பியர். 15 அம்பியர் வட்டத்தில் இரண்டாவதுக்கு இடமில்லை, ஆகவே ஒவ்வொன்றையும் வேறு வேறு பிரேக்கரில் வரும் அறையில், எக்ஸ்ரென்ஷன் வயர் இல்லாமல் நேரே சுவரில் செருகுங்கள். வெளிச் சுவரோடு குழாய் போகும் இடங்களில் குசினி அலுமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து, குழாய் உறையாமல் இருக்கப் பைப்பில் தண்ணீரை மெல்லிய நூலாக ஓடவிடுங்கள். பேஸ்மென்றில் வாடகைக்கு ஆட்கள் இருந்தால் முதல் ஹீற்றர் அவர்களுக்கு. குளிர்காலத்தில் 21 பாகை சூடு கொடுக்க வேண்டும் என்பது ரொறன்ரோ நகரத்தின் விதி, பர்னஸ் பழுது என்று சொன்னால் விதி மாறாது.